நீலச் சாயத்தின் போணி விலை

முதல் நாள் ஆறு ஐம்பத்திரண்டு. இரண்டாம் நாள் ஆறு நாற்பத்தைந்து. மூன்றாம் நாள் ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு ஜாடி, ஒவ்வொரு நாளும் இருநூறு காசு. வேலையில் இருந்த காலத்துக் குறிப்பேடு ஒன்றில் மிச்சமிருந்த பக்கங்களில் இதையெல்லாம் எழுதி வந்தேன். காசு என்கிறேனே தவிர, அது கையில் பிடிக்கிற காசு அல்ல. கைபேசி விளையாட்டுக்குள் புழங்குகிற காசு. ஜாடியில் இருந்த நீலச் சாயமும் அப்படித்தான்.

அந்த விளையாட்டில் கடல் முழுக்கத் தீவுகள். ஆளுக்கொரு துண்டு நிலம் உண்டு. பயிர் வைக்கலாம், மீன் பிடிக்கலாம், மரம் சேர்த்துக் கப்பல் கட்டலாம். கப்பலின் பாய்க்கு நீலச் சாயம் ஏற்றினால்தான் வெளிக்கடலுக்குப் போக முடியும். அந்தச் சாயத்துக்கான செடி தெற்கு மூலையில் இருந்த சில தீவுகளில் மட்டும் வளர்ந்தது. ஊரடங்கு நாட்களில் கோவில்பட்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைந்தபோது நல்ல தீவுகளையெல்லாம் மற்றவர்கள் பிடித்திருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது அந்த வறண்ட மூலை. "நமக்கு என்னைக்கு வே தண்ணிக்குப் பக்கத்துல எடம் கெடச்சிருக்கு" என்று மணியாச்சியில் ரயில்வே வேலை பார்க்கும் ஒருவர் குழுவில் எழுதினார். ஆட்கள் பெருகி எல்லோருக்கும் சாயம் தேவைப்பட்டபோது அந்த மூலைக்குத்தான் யோகம் அடித்தது.

விற்கவும் வாங்கவும் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்றில் விற்பவர் தன் விலையைப் போடுவார். மற்றதில் வாங்க வேண்டியவர், இன்ன பொருள் இன்ன விலைக்கு வேண்டும் என்று கேட்டு வைப்பார். கொடுக்க விருப்பம் உள்ளவர் கொடுக்கலாம். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். கடைசியாக முடிந்த வியாபாரத்தின் விலையும் நேரமும் மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

எங்கள் குழுவில் நாற்பத்தொரு பேர். புதூர் பக்கம் ஆடு வளர்ப்பவர், தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர், திருப்பூருக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போனவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. தலைவராக யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பஜாரில் உளுந்து, பாசிப்பயறு வியாபாரம் செய்யும் ஒருவர் தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிட்டார். தினமும் காலை எட்டு மணிக்கு அவர் குரல் வரும்.

"இன்னைக்கு ஜாடி எரநூத்தி நாப்பது. ஒத்தக் காசு எறங்கப்பிடாது. வெளியாள் எவனாவது எறக்கிப் போட்டாம்னா மொத்தத்தையும் நாமளே வாங்கிருவோம். வாங்கி மேல போடுவோம். வெளங்குதா?"

எனக்கு விளங்கியது. பத்திரிகையில் இருந்த வருடங்களில் கமிஷன் கடை விலைப் பட்டியலைத் தினமும் அனுப்பியது நான்தான். பருத்தி, உளுந்து, கம்பு, வத்தல். ஒவ்வொரு காலையும் ஒரு போன் வரும், நான் எழுதிக்கொள்வேன். மூட்டை அவிழ்க்கும் முன்பே விலை எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "வெல வந்துட்டு அண்ணாச்சி, மூட்ட பின்னால வரும்" என்றார்கள். அதுவும் அப்படியே அச்சானது. சரக்கு கொண்டுவந்த சம்சாரிகள் அந்தப் பட்டியலைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு கடைவாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த விளையாட்டில் நான் இருந்தது மூட்டை வைத்திருப்பவர்களின் பக்கம். என்னிடம் முப்பது ஜாடி இருந்தது. இரண்டு இடத்துக்கும் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இருநூற்று நாற்பது சில வாரங்கள் நின்றது. பிறகு காலையில் இந்த இருநூறு காசு வியாபாரம் விழ ஆரம்பித்தது. ஒரு ஜாடிதான். ஆனால் பலகையில் கடைசி விலை இருநூறு என்று தெரிந்ததும், விலை இறங்குகிறது என்று நினைத்து வாங்குபவர்கள் மாலை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வியாபாரி என்னைக் கூப்பிட்டார்.

"வெளியாள் இல்ல அண்ணாச்சி. வெளியாள்ட்ட சரக்கே கெடையாது. நம்ம கூட்டத்துலதான் எவனோ செய்யுதான். நீங்க பேப்பர்ல இருந்தவிய, மோப்பம் புடிச்சுக் குடுங்க. அன்னைக்கே வெளிய தள்ளீருவேன்."

"ரெண்டு நாள்ல சொல்லுதேன்" என்றேன். பதினோரு நாள் ஒன்றும் பிடிபடவில்லை.

வேலையை விட்ட பிறகு காலை ஐந்து மணிக்கு மேல் எனக்குப் படுக்கையில் இருப்புக் கொள்வதில்லை. எழுந்து நடப்பேன், திரும்பி வருவேன், கைபேசியைப் பார்ப்பேன், மறுபடி வாசலுக்குப் போவேன். இப்போது அந்த நடைக்கு ஒரு காரணம் கிடைத்தது. குறிப்பேட்டில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. சாயத்தை யாரும் இருநூறு என்று விலை போட்டு விற்கவில்லை. யாரோ இருநூறுக்குக் கேட்டு வைக்கிறார்கள், யாரோ கொடுக்கிறார்கள். இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் ஏழு மணிக்குள் முடிகிற வியாபாரம் அன்றைக்கு மட்டும் எட்டரைக்கு மேல் முடிந்தது. கோவில்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு யார் யாருக்கு வேறு வேலை இருக்கும் என்று யோசித்தால், நாற்பத்தொரு பேர் சீக்கிரமே ஐந்தாறு பேராகிவிடுவார்கள்.

பன்னிரண்டாம் நாள் நான் துப்புத் துலக்கப் போகவில்லை. இட்லி மாவு வாங்கப் போனேன். எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா வீட்டின் முன்னறையில் காய்கறியும் மாவும் விற்கிறாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. இந்த விளையாட்டை எனக்குக் காட்டியதே அவள்தான். ஒருநாள் மாவுக்குக் காத்து நின்றபோது தராசுக்குப் பின்னால் கைபேசியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் வாங்க தம்பி, சும்மா தெருவுல நடந்துக்கிட்டுக் கெடக்கதுக்கு" என்று என்னைச் சேர்த்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு பெண் சின்ன வெங்காயம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிலோ நாப்பதா? முப்பதுக்குத் தாங்க."

"ஏட்டி, முப்பதுக்கு எனக்கே வரல."

"போணி பண்ண வந்திருக்கேன். திருப்பி அனுப்புதியளா?"

அக்கா வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்தாள். வாங்கிய நோட்டின் மேல் விரலால் சிலுவை போட்டு, கண்ணில் ஒற்றி, டப்பாவில் வைத்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். இரண்டு முறை தட்டினாள். அதன் மேலும் விரல் குறுக்கே போய் வந்தது. என் சட்டைப் பையில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். ஆறு நாற்பத்தொன்பது. ஒரு ஜாடி. இருநூறு.

மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. பஸ் நிலையம் வரை நடந்தேன், ரயில் நிலையம் வரை நடந்தேன். வெயில் ஏறிய பிறகும் நடந்தேன். வியாபாரி நான்கு முறை கூப்பிட்டார். கையில் செய்தி இருக்கும்போது அனுப்பாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. உள்ளங்கால் அரித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனேன். உட்காரவில்லை.

"அக்கா, சாயத்த எரநூறுக்குக் குடுக்கது நீங்கதான்."

அவள் கத்தரிக்காயில் சொத்தையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கட தொறந்ததும் மொத ஆளு வந்து கேக்கும்போது இல்லன்னு எப்படித் தம்பி சொல்லுதது? வெங்காயமா இருந்தா என்ன, சாயமா இருந்தா என்ன."

"தெனமும் ஒரே ஆளுதான் கேக்குது போல."

கத்தரிக்காய் நின்றது.

"உங்களுக்கு அது தெரியாதே. பேரு எனக்குத்தானே காட்டும்."

"தெரியாது. நேரத்த வச்சுச் சொல்லுதேன். நீங்க தொறக்கதுக்குக் கொஞ்சம் முன்னால வருது. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சாப்புறம் வருது. நீங்க கோயிலுக்குப் போறது தெரிஞ்ச ஆளு."

அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள். கேட்டது அவள் தங்கை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவள். எங்கள் குழுவிலும் இருந்தாள். சகோதரிகள் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது.

இடைசெவலில் இருந்த அவர்களுடைய தாய் இறந்தபோது தங்கை ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அவள் கோவில்பட்டியில் இறங்கி வந்து சேரும் வரை காத்திருப்பதாகத்தான் பேச்சு. மத்தியானம் தெற்கே மேகம் கறுத்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி முழுக்கக் கரிசல். ஒரு மழை பெய்தால் கால் வைத்த இடத்தில் செருப்பு நிற்கும், ஆள் நகர முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் போவது நடக்காது. குழியிலும் தண்ணீர் நிற்கும். எல்லோரும் இவள் முகத்தைப் பார்த்தார்கள். மூத்தவள், எடுக்கச் சொல்லிவிட்டாள்.

"மழ பெய்யல தம்பி. ஒரு சொட்டு விழல. அவ வந்து எறங்கும்போது வெயில் அடிச்சிக்கிட்டு நின்னுது."

தங்கை கேட்டது ஒரே கேள்வி. அரை மணி நேரம் பொறுக்க முடியலையா என்று. அதற்குப் பிறகு நல்லதுக்கும் வருவதில்லை, கெட்டதுக்கும் வருவதில்லை. இவள் இரண்டு முறை போன் செய்தாள், அவள் எடுக்கவில்லை. மூன்றாம் முறை இவள் செய்யவில்லை. சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில் கடை திறந்து முதல் வியாபாரம் முடித்துக் கைபேசியை எடுத்தபோது, கேட்புப் பலகையில் ஒரு ஜாடி இருநூறுக்கு வேண்டும் என்று இருந்தது. போணி என்று நினைத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகு பெயரைப் பார்த்தாள்.

"அவகிட்ட சாயம் கெடக்கு தம்பி. அவளும் நம்ம மூலையிலதான பயிர் வைக்கா. அவளுக்கு எதுக்குச் சாயம்?"

"நீங்க சும்மா குடுக்கலாமே. அனுப்பி வைக்க வழி இருக்கே."

"சும்மா குடுத்தா சமாதானம் ஆயிட்டுன்னு ஆயிரும். அவ வாங்க மாட்டா. வியாபாரத்துல என்ன இருக்கு? பேச்சு இல்லாதவியளும் கடைக்கு வருவாவ, சாமான் வாங்குவாவ, போவாவ."

இதை நிறுத்தாவிட்டால் வெளியே தள்ளுவார்கள், தள்ளினால் தெற்கு மூலையில் இடமே இருக்காது என்று சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. "தங்கச்சி விசயத்த மட்டும் யார்ட்டயும் சொல்லீராதீங்க" என்றாள். "அவளுக்குத் தெரிஞ்சா இதையும் நிப்பாட்டீருவா."

அன்று சாயங்காலம் வியாபாரியின் கடைக்கே போனேன். உளுந்து மூட்டைகளுக்கு நடுவில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் மட்டும் சொல்கிறேன் என்றேன். பத்திரிகைக்காரன் வழக்கமாகச் செய்கிற சமரசம் அது. பாதிச் செய்தியைக் கொடுத்து மீதியைப் பாதுகாத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது.

"போணி" என்றேன். "கட வச்சிருக்கவங்க. காலையில மொத கேட்ட ஆள அனுப்ப மனசு வரல. அதுக்குமேல ஒரு ஜாடி எறக்கல."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வேறு மாதிரி ஆனது. எழுந்து வாசல் வரை வந்து, திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"போணின்னு மொதல்லயே சொல்லீருக்கலாம்லா அண்ணாச்சி. போணிக்கு வந்தவன வெறுங்கையோட அனுப்பச் சொன்ன பாவம் எனக்கு எதுக்கு? நானும் கல்லாவுல உக்காருதவன்."

மறுநாள் எட்டு மணிக் குரலில் புது விதி வந்தது. ஆளுக்கு ஒரு ஜாடி, அன்றைய முதல் ஜாடி, கேட்ட விலைக்குக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு இருநூற்று நாற்பதுதான். குழுவில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. "நல்ல காரியம் அண்ணாச்சி, மனசுக்கு உறுத்தலா இருந்துது" என்று ஆடு வளர்ப்பவர் எழுதினார். அவர் எதையும் கடை வைத்து விற்கிறவர் அல்ல.

கணக்கு எனக்கு அப்போதே ஓடியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலையில்தான் ஓடியது. நாற்பத்தொரு பேரும் போணிக்கு ஆள் தேடினார்கள். கேட்புப் பலகையில் இருநூறு என்று ஒன்று வந்தால் நாற்பத்தொரு விரல்கள். ஏழு மணிக்கு நான் அக்காவின் கடைக்கு முன் நின்றபோது தராசில் தக்காளி கிடந்தது. வாங்க வந்தவள் பையை விரித்து நின்றாள். அக்கா கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவனோ குடுத்துட்டான்" என்றாள். பிறகு, "நீங்க சொன்னியளா?"

"போணின்னு மட்டும் சொன்னேன். தங்கச்சியப் பத்திச் சொல்லல."

"அத சொல்லாம இத மட்டும் சொன்னா இப்படித்தான ஆகும்" என்றாள். தக்காளியை இரண்டாம் முறை நிறுத்தாள்.

கொடுத்தவர் பெயர் வேறு என்பதைத் தங்கையும் பார்த்திருப்பாள். மறுநாள் கேட்பு ஆறு மணிக்கே வந்தது. அதை எடுத்துக்கொண்டதாக மணியாச்சி ரயில்வேக்காரர் குழுவில் எழுதினார், இரவு டியூட்டி முடிந்து வந்தவர். அடுத்த நாள் ஐந்து இருபது. அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள், ஆனால் துபாய்க்காரர் முந்திக்கொண்டார். அதற்கடுத்த நாள் ஐந்துக்கு முன்னால். இருவரும் ஒருவரை ஒருவர் தேடி முன்னால் முன்னால் வந்தார்கள். எந்த நேரத்திலும் குழுவில் யாராவது விழித்திருந்தார்கள். பிறகு மூன்று நாள் அந்த விடிகாலைக் கேட்பு மட்டும் வரவில்லை.

அந்த மூன்று நாளும் அக்கா சில்லறை தப்பாகக் கொடுத்தாள். மாவுக்குக் காத்திருந்தவர்களிடம் எரிந்து விழுந்தாள். நான் காலையிலும் மாலையிலும் போய் நின்றேன். "போன் போட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"எடுக்காட்டா?"

சாயத்தின் விலை அதற்குள் இருநூற்றுப் பத்துக்கு வந்திருந்தது. காலையில் நாற்பது ஜாடி மலிவாகக் கிடைக்கும்போது மத்தியானம் யார் இருநூற்று நாற்பது கொடுப்பார்கள்? வியாபாரி விதியை எடுத்துவிடலாமா என்று யோசித்தார். எடுக்க மனம் வரவில்லை. போணியை நிறுத்தச் சொல்லி வாயால் சொல்ல அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் ஆறரை மணிக்குக் கேட்புப் பலகையில் ஒரு வரி வந்தது. ஒரு ஜாடி. ஒரு காசு.

குழு சிரித்தது. "எவன்லே அது, ஓசியிலே கேட்டுட்டுப் போவ வேண்டியதுதான" என்றார் ஒருவர். "ஒரு காசுக்குப் பாயத் தொடைக்கதுக்குத் துணிகூடக் கெடைக்காது" என்றார் இன்னொருவர். போணிக்குக் கேட்டவரை அனுப்பக்கூடாதே என்று யாரும் சொல்லவில்லை. மனச்சாட்சிக்கும் அடிமட்ட விலை ஒன்று இருந்தது போல. வியாபாரியின் குரல் அவசரமாக வந்தது. "யாரும் வெளையாட்டுக்குக்கூடக் குடுத்துராதீங்க. கடைசி வெல ஒரு காசுன்னு போர்டுல விழுந்துட்டா அம்புட்டும் போச்சு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம். அக்கா அப்போதுதான் கதவைத் திறந்து கூடைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் தேங்காயைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார். அவர் விலை கேட்டு, குறைத்துக் கேட்டு, பணத்தை எண்ணிக் கொடுக்கும் வரை நான் எதிர்ச் சுவர் ஓரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன். அவளுக்குப் பலகையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கத்திச் சொல்லவும் முடியவில்லை. முதல் வியாபாரம் முடியாமல் அவள் கைபேசியைத் தொட மாட்டாள்.

பெரியவர் போனார். அவள் நோட்டின் மேல் சிலுவை போட்டாள். கையைத் துடைத்தாள். கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அதிக நேரம் பார்த்தாள். உட்காருவதற்கு ஸ்டூலைக் காலால் இழுத்தாள், ஆனால் உட்காரவில்லை.

என் திரையில் அந்த வரி மறைந்தது. கடைசி விலை: ஒன்று.

நான் சாலையைக் கடந்து போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயக் கூடை பக்கத்தில்தான் இருந்தது.

"என்ன தம்பி, மாவா?"

"அரை லிட்டர். கொறச்சுத் தருவியளா?"

"போணி ஆயிட்டு" என்றாள்.

மாவைக் கையில் வாங்கும்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. வியாபாரி. இரண்டாம் முறை அதிர்ந்தபோது எடுத்தேன்.

"பாத்தியளா அண்ணாச்சி? ஒரு காசு. ஒரு காசுக்குக் குடுத்திருக்கான். மார்க்கெட்டே படுத்துட்டு. யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றேன். "சொல்ல மாட்டேன்."

"சரி, பேரு வேண்டாம். எதுக்குக் குடுத்தாம்னாவது சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். இந்த முறை காரணத்தையும் நான் சொல்லவில்லை.